கடன் பத்திரமும் மியூச்சுவல் ஃபண்டும்: முதல் முதலீட்டாளருக்கு முழுமையான வழிகாட்டி

வங்கி எஃப்.டி., தங்கம், சீட்டு இவற்றைத் தாண்டி முதல் அடி வைப்பவர்களுக்காக இது எழுதப்படுகிறது. "எத்தனை பர்சன்ட் கிடைக்கும்?" என்றுதான் பெரும்பாலும் பேச்சு ஆரம்பிக்கும். அதற்கு முன் பதில் தெரிய வேண்டிய கேள்வி, "இந்தப் பணம் எப்போது திரும்பக் கையில் வேண்டும்?" என்பது. கடன் பத்திரத்திலோ ஃபண்டிலோ பணம் இழந்தவர்களின் கதையைக் கேட்டால், பாதிக்கு மேல் இந்த இடத்தில்தான் பிசகியிருக்கும். ஆறு மாதத்தில் தேவைப்படும் பணம் பங்குச் சந்தைக்குப் போயிருக்கும். அல்லது இருபது வருடம் தொடத் தேவையில்லாத பணம் சேமிப்புக் கணக்கிலேயே கிடந்திருக்கும்.

பணத்துக்குத் தேதி குறியுங்கள்

ஒரு தாளில் உங்கள் பணம் மொத்தத்தையும் எழுதி, ஒவ்வொரு தொகைக்கும் எதிரில் அது தேவைப்படும் மாதத்தையும் வருடத்தையும் குறியுங்கள். அடுத்த ஜூனில் பள்ளிக் கட்டணம், மூன்று வருடத்தில் வீட்டு அட்வான்ஸ், பதினெட்டு வருடத்தில் ஓய்வுக்காலம் என்று இருக்கட்டும். தேதி குறிக்க முடியாத தொகை ஒன்று உண்டு. அது அவசரகால நிதி. குறைந்தது நான்கு முதல் ஆறு மாத வீட்டுச் செலவு அதில் இருக்க வேண்டும்.

அந்தத் தாளில் மாதம் இரண்டு வட்டிக்கு வாங்கிய கடனோ கிரெடிட் கார்டு பாக்கியோ இருந்தால், முதலீட்டை ஒத்திவையுங்கள். இரண்டு வட்டி என்றால் ஆண்டுக்கு 24%. இந்தக் கட்டுரையில் வரும் எந்த முதலீடும் அதை ஈடுகட்டும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. கடனை அடைப்பதே அங்கே நல்ல முதலீடு.

கடன் பத்திரம் என்றால் என்ன

நீங்கள் கடன் கொடுக்கிறீர்கள். அரசோ கம்பெனியோ வாங்குகிறது. எவ்வளவு வட்டி, எந்தெந்தத் தேதியில், அசல் எப்போது திரும்பும் என்பதெல்லாம் முதல் நாளே எழுதப்பட்டிருக்கும்.

மத்திய அரசின் ஒரு பத்திரத்தையே எடுத்துப் பார்க்கலாம். "7.10% ஜி.எஸ். 2034" என்பது அதன் பெயர். 7.10% என்பது கூப்பன், அதாவது முகமதிப்பின் (பத்திரத்தில் எழுதிய அசல் தொகையின்) மேல் தரப்படும் ஆண்டு வட்டி. 2034 என்பது முதிர்வு ஆண்டு. முகமதிப்பில் 10,000 ரூபாய்க்கு வைத்திருந்தால் ஆண்டுக்கு 710 ரூபாய். அது 355, 355 ஆக ஏப்ரலிலும் அக்டோபரிலும் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். 2034 ஏப்ரலில் கடைசி வட்டியோடு 10,000 ரூபாயும் திரும்பும். அதுவரை காத்திருப்பவருக்கு இடையில் சந்தை விலை ஏறினாலும் இறங்கினாலும் இந்தத் தொகைகள் மாறாது.

காத்திருக்க முடியாதவருக்குத்தான் சிக்கல். நீங்கள் 7% கூப்பனில் ஒரு பத்து வருடப் பத்திரம் வாங்கியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். வாங்கிய சில நாளிலேயே சந்தையில் வட்டி உயர்ந்து, அதே மாதிரியான புதுப் பத்திரம் 8% தருகிறது. இப்போது உங்கள் 7% பத்திரத்தை முழு விலைக்கு யார் வாங்குவார்கள்? விலையைக் குறைத்தால்தான் வாங்குவார்கள். கணக்குப் போட்டால் 10,000 ரூபாய் பத்திரம் சுமார் 9,320 ரூபாய்க்குத்தான் போகும். வட்டி 6 சதவீதத்துக்கு இறங்கியிருந்தால் அதே பத்திரம் சுமார் 10,740 ரூபாய்க்கு விலை போகும். முதிர்வுக்கு ஒரு வருடம் மட்டுமே பாக்கியுள்ள 7% பத்திரத்தில், வட்டி 8% ஆனாலும் விலை 9,906 ரூபாய்க்குக் கீழே போகாது. வட்டி ஏறினால் விலை இறங்கும். முதிர்வு எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அவ்வளவு அதிகமாக இறங்கும். கடன் பத்திரத்திலும் கடன் ஃபண்டுகளிலும் நடப்பவற்றில் முக்கால்வாசி இதை வைத்தே புரிந்துவிடும்.

கூப்பனும் யீல்டும் ஒன்றல்ல. கூப்பன் பத்திரத்தில் அச்சிட்டது. யீல்டு என்பது நீங்கள் இன்று கொடுக்கும் விலைக்கு, முதிர்வு வரை வைத்திருந்தால், ஆண்டுக்குக் கிடைக்கும் வருமானம். வாங்கும்போது பார்க்க வேண்டியது யீல்டு. "9% கூப்பன்" என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, 10,600 ரூபாய்க்கு விற்கும் பத்திரத்தின் யீல்டு அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

இன்னொரு விஷயம். இரண்டு வட்டித் தேதிகளுக்கு நடுவில் வாங்கினால், விற்பவருக்குச் சேர வேண்டிய வட்டியையும் சேர்த்தே நீங்கள் கொடுக்க வேண்டும். 7% கூப்பன் உள்ள 10,000 ரூபாய் பத்திரத்தை வட்டித் தேதி முடிந்து மூன்று மாதம் கழித்து வாங்கினால், விலைக்கு மேல் 175 ரூபாய் சேரும். அடுத்த வட்டி முழுதாக உங்களுக்கே வந்துவிடும் என்பதால் இது நஷ்டம் அல்ல. ஆனால் "சொன்ன விலைக்கு மேல் ஏன் பிடித்தார்கள்" என்று புதியவர்கள் குழம்புவது இங்கேதான்.

எந்தெந்தப் பத்திரங்கள்

கருவூல பில், அதாவது டி-பில், மத்திய அரசின் குறுகிய காலக் கடன். 91, 182, 364 நாள் என மூன்று வகை. வட்டி என்று தனியாக எதுவும் வராது. குறைந்த விலைக்கு வாங்கி, முடிவில் முகமதிப்பு முழுதாகக் கிடைக்கும். 182 நாள் பில் 9,728 ரூபாய்க்குக் கிடைத்தால், முடிவில் 10,000 வரும். 272 ரூபாய் லாபத்தை 9,728 ஆல் வகுத்து, 365/182 ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு சுமார் 5.6%. தேதி குறித்த பணத்துக்கு இதைவிடக் கச்சிதமான இடம் குறைவு.

அடுத்து நீண்ட கால மத்திய அரசுப் பத்திரங்கள், மாநில அரசுகளின் எஸ்.டி.எல். பத்திரங்கள். நாட்டிலேயே அதிகமாக எஸ்.டி.எல். வெளியிடும் மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. மத்திய அரசுப் பத்திரத்தைவிட இவற்றில் யீல்டு பொதுவாகச் சற்றுக் கூடுதல்.

மூன்றாவது, ரிசர்வ் வங்கியின் மிதக்கும் வட்டி சேமிப்புப் பத்திரம். 2020 ஜூலை 1 முதல் விற்பனையில் இருக்கிறது. காலம் 7 வருடம், குறைந்தபட்சம் 1,000 ரூபாய், உச்ச வரம்பு கிடையாது. அஞ்சலக என்.எஸ்.சி. வட்டியைவிட 0.35% கூடுதல் என்பது இதன் விதி. என்.எஸ்.சி. 7.7% இருக்கும்போது இது 8.05%. ஒவ்வொரு ஜனவரி 1, ஜூலை 1 அன்றும் வட்டி மறுநிர்ணயம் ஆகும். அரசு உத்தரவாதத்தோடு இந்த வட்டி நல்ல வட்டிதான். ஆனால் பூட்டு கெட்டியானது. சந்தையில் விற்க முடியாது, அடமானம் வைக்க முடியாது, 60 வயதுக்குக் கீழ் இருப்பவர்கள் 7 வருடத்துக்கு முன் எடுக்கவே முடியாது. 60 முதல் 70 வயதுக்காரர்கள் 6 வருடத்துக்குப் பிறகும், 70 முதல் 80 வரை 5 வருடத்துக்குப் பிறகும், 80 தாண்டியவர்கள் 4 வருடத்துக்குப் பிறகும் எடுக்கலாம். அப்போதும் கடைசி ஆறு மாத வட்டியில் பாதி பிடிக்கப்படும். மகளின் கல்யாணத்துக்கு என்று தேதி தெரியாமல் வைத்திருக்கும் பணத்தை இதில் போடாதீர்கள்.

கம்பெனிப் பத்திரங்களைப் பற்றிப் பிறகு பார்ப்போம்.

ரீடெயில் டைரக்டில் டி-பில் வாங்கும் முறை

2021 நவம்பர் 12 அன்று ரிசர்வ் வங்கி ரீடெயில் டைரக்ட் திட்டத்தைத் தொடங்கியது. தனிநபர்கள் புரோக்கர் இல்லாமல் அரசுப் பத்திரங்களை நேரடியாக வாங்கலாம். கணக்குத் திறக்கவும் வைத்திருக்கவும் கட்டணம் இல்லை.

1. பான் கார்டு, ஆதாரோடு இணைந்த மொபைல் எண், மின்னஞ்சல், உங்கள் பெயரிலுள்ள சேமிப்புக் கணக்கு, நாமினி விவரம் ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். பான், ஆதார், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நம் ஊர் இனிஷியல் பல விண்ணப்பங்களைத் தடுத்துவிடும். ஒன்றில் "எஸ். குமார்", இன்னொன்றில் அப்பா பெயர் முழுதாக என்று இருந்தால், சரிபார்ப்பில் நின்றுவிடும். அதை முதலில் திருத்துங்கள்.

2. ரீடெயில் டைரக்ட் தளத்திலோ மொபைல் செயலியிலோ பதிவு செய்து கே.ஒய்.சி. முடியுங்கள். ஒப்புதல் கிடைத்ததும் உங்கள் பெயரில் அரசுப் பத்திரங்களை வைக்கும் கில்ட் கணக்கு ஒன்று திறக்கப்படும். டீமேட் கணக்கு தேவையில்லை.

3. வழக்கமாக எஸ்.டி.எல். ஏலம் செவ்வாய், டி-பில் புதன், மத்திய அரசுப் பத்திரம் வெள்ளி. முதன்மைச் சந்தைப் பகுதியில் அந்த வார ஏலங்கள் தெரியும். வேண்டிய பில்லைத் தேர்ந்தெடுத்து, 10,000 ரூபாயின் மடங்கில் தொகையைப் போடுங்கள். நீங்கள் விலை சொல்லத் தேவையில்லை. பெரிய நிறுவனங்கள் போட்டி போட்டு முடிவாகும் சராசரி விலையே உங்களுக்கும்.

4. யு.பி.ஐ. அல்லது நெட் பேங்கிங் மூலம் பணம் கட்டுங்கள். ஏல விலை முன்கூட்டித் தெரியாது என்பதால், பிடிக்கும் தொகைக்கும் இறுதி விலைக்கும் உள்ள வித்தியாசம் பிறகு திரும்பி வரும்.

5. முதிர்வு நாளில் பணம் தானாக வங்கிக் கணக்கில் விழும். ஆட்டோ-பிட்டிங் எனும் தானியங்கி ஏல வசதியை நீங்கள் தேர்ந்தெடுக்காவிட்டால் தானாகப் புதுப்பிக்கப்படாது. அடுத்த பில் வேண்டுமென்றால் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும்.

நடுவில் விற்கவும் வழி இருக்கிறது. ஆனால் பத்தாயிரம், இருபதாயிரம் என்று சின்ன அளவில் விற்கப்போனால் வாங்க ஆள் கிடைப்பது சிரமம். கிடைத்தாலும் விலையைக் குறைத்துக் கேட்பார்கள். அரசு ஏமாற்றாது என்பது உண்மை. நினைத்த நாளில் நல்ல விலை கிடைக்கும் என்பது அதிலிருந்து வராது.

கம்பெனிப் பத்திரம்: கூடுதல் வட்டி எதற்காக

அரசுப் பத்திரம் 7% தரும் நேரத்தில் ஒரு கம்பெனி 11% தருகிறது என்றால், அந்த 4% பரிசு அல்ல. பணம் திரும்பாமல் போகும் ஆபத்துக்குச் சந்தை வைத்த விலை அது. கிரிசில், இக்ரா, கேர், இந்தியா ரேட்டிங்ஸ் போன்ற நிறுவனங்கள் தரக்குறியீடு கொடுக்கும். ட்ரிபிள் ஏ உச்சம். டபுள் ஏ, சிங்கிள் ஏ, ட்ரிபிள் பி என்று இறங்கி, டி என்றால் ஏற்கெனவே தவணை தவறியது.

தரக்குறியீட்டை நம்பலாம், அதை மட்டும் நம்பக்கூடாது. ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். நிறுவனம் 2018 நடுப்பகுதி வரை ட்ரிபிள் ஏ வைத்திருந்தது. அதே வருடம் செப்டம்பருக்குள் டி ஆகிவிட்டது. 2020 மார்ச்சில் யெஸ் பேங்க் மறுசீரமைப்பின்போது அதன் 8,415 கோடி ரூபாய் ஏ.டி.1 பத்திரங்கள் (வங்கி நொடிந்தால் ரத்து செய்யப்படக்கூடியவை) ஒரே அறிவிப்பில் பூஜ்யமாக்கப்பட்டன. வங்கியில் எஃப்.டி. போட்டவர்களுக்கு ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. அதே வங்கியின் பத்திரம் வாங்கியவர்களுக்குப் பணம் போயிற்று. எஃப்.டி. மாதிரிதான் என்று சொல்லி மூத்த குடிமக்களுக்கும் அவை விற்கப்பட்டிருந்தன. அதன்பின் பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் அமைப்பான செபி இவ்வகைப் பத்திரத்தின் குறைந்தபட்ச அளவை 1 கோடி ரூபாயாக உயர்த்தியது.

இப்போது சாதாரண கம்பெனிப் பத்திரங்களை 10,000 ரூபாய் முகமதிப்பில் வெளியிட செபி அனுமதித்திருக்கிறது. செயலியில் நாலு தட்டு தட்டினால் வாங்கிவிடலாம். வாங்கும் முன் பார்க்க வேண்டியவை: விற்கும் தளம் செபியில் பதிவு பெற்றதா; பத்திரம் செக்யூர்டா, அதாவது சொத்துப் பிணை உண்டா; கம்பெனி நொடிந்தால் பணம் திருப்பித் தரும் வரிசையில் சப்-ஆர்டினேட் என்று பின்தள்ளப்பட்டிருக்கிறதா; கம்பெனி முன்கூட்டியே திருப்பிக் கொடுக்கும் கால் ஆப்ஷன் உண்டா; தரக்குறியீடு எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது. பட்டியலிடப்படாத பத்திரத்தை முதல் முதலீட்டாளர் தொடவே வேண்டாம். ஒரே கம்பெனியில் உங்கள் மொத்தச் சேமிப்பில் 5 சதவீதத்துக்கு மேல் போடாதீர்கள். எங்கள் கருத்தில், முதல் இரண்டு வருடத்துக்குக் கம்பெனிப் பத்திரத்தைத் தனியாக வாங்காமல் இருப்பதே நல்லது. வேண்டுமென்றால் ஃபண்ட் வழியாகப் போங்கள்.

மியூச்சுவல் ஃபண்ட்: யூனிட், என்.ஏ.வி.

பலருடைய பணத்தைச் சேர்த்து, பல பத்திரங்களையோ பங்குகளையோ வாங்கி வைத்திருக்கும் ஏற்பாடு இது. சீட்டோ, "ஃபண்ட் ஆபீஸ்" என்று நாம் சொல்லும் நிதி நிறுவனமோ இதற்குச் சம்பந்தமில்லை. 1993ஆம் ஆண்டு முதல் தனி விதிமுறைகளோடு செபி இதைக் கண்காணிக்கிறது. வாங்கிய பங்கும் பத்திரமும் ஃபண்ட் கம்பெனியின் சொத்து அல்ல. டிரஸ்ட்டின் பெயரில், கஸ்டோடியன் எனப்படும் தனிப் பாதுகாப்பு நிறுவனத்திடம் இருக்கும். ஃபண்ட் கம்பெனி மூடினாலும் அவை முதலீட்டாளர்களுக்கே சேரும். ஆனால் உள்ளே இருக்கும் பங்கு விலை இறங்கினால், அந்த நஷ்டமும் உங்களுக்கே.

உங்கள் பங்கு யூனிட் என்று கணக்கிடப்படும். ஒரு யூனிட்டின் அன்றைய மதிப்பு என்.ஏ.வி. என்.ஏ.வி. 10 ரூபாய் என்றால் மலிவு, 250 ரூபாய் என்றால் விலை அதிகம் என்று நினைப்பது பரவலான தவறு. 10,000 ரூபாய்க்கு முதலாவதில் 1,000 யூனிட், இரண்டாவதில் 40 யூனிட். உள்ளே இருக்கும் பங்குகள் 8% ஏறினால் இரண்டிலும் 10,800 தான். புது ஃபண்ட் 10 ரூபாய்க்கு வருகிறது என்பது வாங்குவதற்குக் காரணமே அல்ல. பழைய ஃபண்டுக்காவது பார்க்க ஒரு வரலாறு இருக்கிறது.

கடன் ஃபண்ட் வகைகளை எப்படிப் படிப்பது

கடன் ஃபண்டுக்கு முதிர்வுத் தேதி கிடையாது. உள்ளே பத்திரங்கள் முதிர, புதியவை வந்துகொண்டே இருக்கும். அதனால்தான் "உள்ளே இருக்கும் பத்திரங்களின் சராசரி காலம் எவ்வளவு" என்று பார்க்க வேண்டும். ஓவர்நைட் ஃபண்ட் ஒருநாள் கடன். லிக்விட் ஃபண்ட் 91 நாள் வரை. மணி மார்க்கெட் ஒரு வருடம் வரை. ஷார்ட் டியூரேஷன் 1 முதல் 3 வருடம். லாங் டியூரேஷன் 7 வருடத்துக்கு மேல். டியூரேஷன் எனப்படும் இந்தச் சராசரி கால எண் 6 என்றால், வட்டி 1% ஏறும்போது ஃபண்ட் மதிப்பு சுமார் 6% இறங்கும். உங்கள் தேதி எவ்வளவு தள்ளியிருக்கிறதோ, ஃபண்டின் டியூரேஷன் அதற்குள் இருக்கட்டும்.

இன்னொரு அளவுகோல் கடனின் தரம். கார்ப்பரேட் பாண்டு ஃபண்டில் 80 சதவீதமாவது உயர்தரப் பத்திரம் இருக்க வேண்டும். கில்ட் ஃபண்டில் 80% அரசுப் பத்திரம். பணம் திரும்பாத பயமில்லை, வட்டி ஏறினால் ஆட்டம் பலமாக இருக்கும். கிரெடிட் ரிஸ்க் ஃபண்டில் 65 சதவீதமாவது டபுள் ஏ அல்லது அதற்குக் கீழே. இது புதியவர்களுக்கு வேண்டாம்.

வகையின் பெயரோடு நிறுத்திக்கொள்ளக்கூடாது என்பதற்கு 2020 ஏப்ரல் 23 சாட்சி. அன்று ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் தன் ஆறு கடன் ஃபண்டுகளை மூடியது. சுமார் 25,000 கோடி ரூபாய் சிக்கியது. பணம் பின்னர் தவணை தவணையாகத் திரும்பியது; ஆனால் அவசரத்துக்கு எடுக்க நினைத்தவர்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். அந்த ஆறில் அல்ட்ரா ஷார்ட், லோ டியூரேஷன் ஃபண்டுகளும் இருந்தன. காலம் குறைவுதான், உள்ளே தரம் குறைந்த, சுலபத்தில் விற்க முடியாத பத்திரங்கள் நிறைய இருந்தன.

ஆகவே ஃபண்ட் கம்பெனி வெளியிடும் மாதாந்திர விவரத் தாளான ஃபேக்ட் ஷீட்டைத் திறந்து நான்கு எண்களைப் பாருங்கள். டியூரேஷன் எவ்வளவு? டபுள் ஏ மற்றும் அதற்குக் கீழே எத்தனை சதவீதம்? பெரிய பத்து முதலீடுகள் யாருக்குக் கொடுத்த கடன்? ஒய்.டி.எம். எனப்படும் யீல்டு எவ்வளவு? ஒய்.டி.எம். 7.2%, ஃபண்ட் பிடிக்கும் செலவு 0.3% என்றால், எதிர்பார்க்கத் தக்கது சுமார் 6.9%. கடந்த வருடம் 10% கொடுத்ததே என்றால், வட்டி இறங்கி விலை ஏறியதால் வந்திருக்கும். மறுபடி வரும் என்று எண்ணாதீர்கள். அதே வகை ஃபண்டுகளைவிட ஒன்றில் மட்டும் ஒய்.டி.எம். 1.5% கூடுதலாக இருந்தால், அந்தக் கூடுதல் எந்தக் கடனிலிருந்து வருகிறது என்று பட்டியலில் தேடுங்கள்.

பங்கு ஃபண்ட்: குறைந்தது ஏழு வருடம்

பங்கு ஃபண்டில் இருபது வருடம் விட்டு வைக்கும் பணத்துக்கு வளர வாய்ப்பு அதிகம். இடையில் என்ன நடக்கும் என்பதற்கும் மனத்தைத் தயார் செய்யுங்கள். 2008இல் மட்டும் நிஃப்டி 50 குறியீடு பாதிக்கு மேல் இறங்கியது. 2020 ஜனவரியில் 12,000க்கு மேல் இருந்த நிஃப்டி, மார்ச் 23 அன்று 7,610இல் முடிந்தது. அன்று ஒரே நாளில் 13% சரிவு. இரண்டு முறையும் சந்தை மீண்டது. அந்த வாரங்களில் விற்றவர்களுக்கு மட்டும் நஷ்டம் நிரந்தரமானது.

முதல் பங்கு ஃபண்டாக நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்ட் ஒன்று போதும். நாட்டின் 50 பெரிய கம்பெனிகளைக் குறியீட்டில் உள்ள அதே விகிதத்தில் அது வாங்கி வைக்கும். மேலாளரின் திறமையை நீங்கள் கணிக்கத் தேவையில்லை. செலவு குறைவு. எந்த நிறுவனத்தின் இண்டெக்ஸ் ஃபண்ட் என்று தேர்வு செய்ய இரண்டு எண் போதும்: செலவு விகிதம், குறியீட்டோடு ஒப்பிட்டால் வரும் வித்தியாசமான டிராக்கிங் டிஃபரன்ஸ். இரண்டும் குறைவாக இருப்பதை எடுங்கள். சிறு கம்பெனிகளை வாங்கும் ஸ்மால் கேப், ஒரே துறையிலோ ஒரே கருப்பொருளிலோ போடும் செக்டோரியல், தீமாட்டிக் எல்லாம் மூன்று வருட அனுபவத்துக்குப் பிறகு யோசிக்கலாம். எட்டு ஃபண்ட் வைத்திருப்பது பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள். திறந்து பார்த்தால் எட்டிலும் அதே வங்கிகளும் அதே ஐ.டி. கம்பெனிகளும்தான் இருக்கும்.

வாங்கும் முறை, டைரக்டா ரெகுலரா

முதலில் கே.ஒய்.சி. ஒருமுறை முடித்தால் எல்லா ஃபண்ட் கம்பெனிக்கும் செல்லும். நிலை "வேலிடேட்டட்" என்று வந்தால் தடையில்லை. "ஹோல்டு" என்றால் ஆதார், பான், மின்னஞ்சல், மொபைல் எண் ஆகியவற்றில் ஏதோ ஒன்று சரிபார்க்கப்படவில்லை என்று பொருள்.

2013 ஜனவரி 1 முதல் ஒவ்வொரு ஃபண்டும் இரண்டு விதமாகக் கிடைக்கிறது. ரெகுலரில் முகவர் கமிஷன் செலவோடு சேரும். டைரக்டில் அது இல்லை. மாதம் 5,000 ரூபாய், 20 வருடம் என்று கணக்குப் போடுவோம். ஆண்டுக்கு 12% வளர்ந்தால் சுமார் 49.9 லட்சம். செலவால் 1% குறைந்து 11% ஆனால் சுமார் 43.7 லட்சம். ஆறு லட்சத்துக்கு மேல் வித்தியாசம். இது கணக்குதான், வாக்குறுதி அல்ல. ஆனால் ஒரு சதவீதத்தின் எடை தெரியும். சந்தை இறங்கும்போது பதறி விற்கவிடாமல் தடுக்கும் நல்ல ஆலோசகர் உங்களுக்கு இருந்தால், ரெகுலர் கட்டணம் வீண் அல்ல. அவரிடம் ஃபண்ட் கம்பெனிகளின் சங்கமான ஆம்ஃபி வழங்கிய ஏ.ஆர்.என். (முகவர் பதிவு) எண் இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஃபண்ட் கம்பெனியின் தளத்திலோ, டைரக்ட் பிளான் தரும் செயலியிலோ வாங்கும்போது "டைரக்ட்", "குரோத்" இரண்டு சொற்களும் பெயரில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இடையிடையே பணம் பிரித்துத் தரும் ஐ.டி.சி.டபிள்யூ. என்பதைத் தவிர்க்கலாம். அதில் வரும் பணம் கூடுதல் வருமானம் அல்ல. உங்கள் யூனிட் மதிப்பிலிருந்தே எடுத்துக் கொடுப்பது, வரியும் உண்டு.

பணம் உங்கள் சொந்த வங்கிக் கணக்கிலிருந்துதான் போக வேண்டும். மாமனார் கணக்கிலிருந்து கட்டினால் நிராகரிக்கப்படும். பங்கு ஃபண்டில் மாலை 3 மணிக்குள், லிக்விட் ஃபண்டில் மதியம் 1.30க்குள் பணம் ஃபண்டின் கணக்குக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்; தாண்டினால் அடுத்த கணக்கு நாளின் என்.ஏ.வி. முத்திரைத் தீர்வை 0.005%. 10,000 ரூபாய்க்கு 50 பைசா.

மாதாமாதம் தானாகப் பணம் பிடித்து முதலீடு செய்யும் எஸ்.ஐ.பி.யின் தேதியைச் சம்பளம் விழுந்து இரண்டு மூன்று நாள் கழித்து வையுங்கள். 1ஆம் தேதி என்று வைத்து, சம்பளம் 3ஆம் தேதி வந்தால் தவணை திரும்பிவிடும், வங்கி அபராதம் பிடிக்கும். தொடர்ந்து மூன்று மாதம் தவறினால் எஸ்.ஐ.பி. ரத்தாகலாம்.

யாராவது "மியூச்சுவல் ஃபண்ட் மாதிரிதான், கூடவே இன்ஷூரன்ஸும் உண்டு" என்றால், விண்ணப்பத்தில் பாலிசி, பிரீமியம் என்ற சொற்களைத் தேடுங்கள். இருந்தால் அது யூலிப். ஐந்து வருடப் பூட்டு. தெரியாமல் வாங்கிவிட்டால், பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். தனிநபர் கணக்குக்கோ யு.பி.ஐ. எண்ணுக்கோ பணம் அனுப்பச் சொன்னால் அது ஃபண்டே அல்ல, மோசடி.

வரி

பங்கு ஃபண்டை 12 மாதத்துக்குள் விற்றால் லாபத்துக்கு 20%. அதற்குப் பிறகு விற்றால், ஒரு நிதியாண்டில் 1.25 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட லாபத்துக்கு 12.5%. இது 2024 ஜூலை 23 முதல் உள்ள விகிதம். 2023 ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கிய கடன் ஃபண்டில் எத்தனை வருடம் வைத்திருந்தாலும், லாபம் உங்கள் வருமானத்தோடு சேர்ந்து உங்கள் வரி விகிதத்தில் வரும். பத்திர வட்டியும் அப்படியே. 30% விகிதத்தில் இருப்பவருக்கு 7% வட்டி என்பது கையில் 4.9% தான், செஸ் தனி. எஃப்.டி.யில் வட்டிக்கு வருடா வருடம் வரி. கடன் ஃபண்டில் விற்கும் வருடத்தில் மட்டும். ஓய்வு பெற்ற பின் விகிதம் குறையப் போகிறவர்களுக்கு இது பயன்படும்.

ஒரு கணக்கு

கையில் 2,40,000 ரூபாய். மாதச் செலவு 30,000. மாதம் 8,000 மிச்சம் பிடிக்க முடியும். அடுத்த ஜூனில் 60,000 பள்ளிக் கட்டணம். இப்போது டிசம்பர் தொடக்கம்.

அவசரகால நிதி ஐந்து மாதச் செலவு, 1,50,000. அதில் 50,000 வங்கியிலேயே இருக்கட்டும். 1,00,000 லிக்விட் ஃபண்டில். லிக்விட் ஃபண்டிலிருந்து பணம் பொதுவாக அடுத்த வேலை நாளில் வரும். சில ஃபண்டுகளில் உடனடியாக எடுக்கும் வசதியும் உண்டு. அதில் நாளொன்றுக்கு 50,000 ரூபாய் அல்லது இருப்பில் 90%, எது குறைவோ அது. போட்டு 7 நாளுக்குள் எடுத்தால் மட்டும் மிகச் சிறிய எக்ஸிட் லோடு, அதாவது வெளியேறும் கட்டணம்.

பள்ளிக் கட்டணத்துக்கு 182 நாள் டி-பில் ஆறு. முன்பு பார்த்த விலையில் 58,368 ரூபாய். ஜூன் முதல் வாரத்தில் 60,000 கணக்கில் இருக்கும். கட்டணத் தேதி ஜூன் 1 என்றால் மட்டும் சற்று முன்பே, நவம்பர் ஏலத்திலேயே வாங்கியிருக்க வேண்டும்.

மீதம் சுமார் 31,600. மூன்று வருடத்தில் வண்டி வாங்கும் எண்ணம் இருந்தால், எஃப்.டி. அல்லது ஷார்ட் டியூரேஷன் ஃபண்ட். எஃப்.டி. என்றால் ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு என்பதையும் கணக்கில் எடுங்கள்.

மாதம் 8,000இல் 5,000 நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டில் எஸ்.ஐ.பி., 3,000 வங்கி ஆர்.டி. யில் அடுத்த வருடக் கட்டணத்துக்கு. சம்பளம் உயரும்போது முதலில் எஸ்.ஐ.பி.யை உயர்த்துங்கள். ஓய்வுக்கால இலக்குக்கு மூன்று வருடம் இருக்கும்போதே பங்கு ஃபண்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக லிக்விட், ஷார்ட் டியூரேஷன் பக்கம் நகர்த்தத் தொடங்க வேண்டும். கடைசி மாதம் வரை காத்திருந்தால், 2020 மார்ச் போன்ற ஒரு மாதம் இருபது வருடச் சேமிப்பில் மூன்றில் ஒரு பங்கைப் பிடுங்கிவிடும்.

பதிவுகளும் நாமினியும்

மியூச்சுவல் ஃபண்ட் கணக்குகளைப் பராமரிப்பவை பெரும்பாலும் இரண்டு நிறுவனங்கள்: சென்னையைச் சேர்ந்த கேம்ஸ், ஹைதராபாத்தைச் சேர்ந்த கே-ஃபின்டெக். இரண்டிலும் உள்ள உங்கள் எல்லா ஃபோலியோக்களையும் (ஃபண்ட் கணக்குகளையும்) சேர்த்த ஒரே அறிக்கையை மின்னஞ்சலில் இலவசமாகக் கேட்டுப் பெறலாம். வருடத்துக்கு ஒருமுறை அதைப் பெற்று, வங்கிக் கணக்கு எண், மொபைல் எண், நாமினி மூன்றும் சரியா என்று பாருங்கள். ஃபண்ட் கம்பெனியிடம் புகார் கொடுத்தும் தீரவில்லை என்றால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் பதியலாம்.

டி-பில்லுக்கும் ஃபண்டுக்கும் இப்போது காகிதச் சான்றிதழ் கிடையாது. பீரோவில் தேடினாலும் குடும்பத்துக்கு எதுவும் கிடைக்காது. ரீடெயில் டைரக்ட் கணக்கு எண், ஃபோலியோ எண்கள், மிதக்கும் வட்டிப் பத்திரம் வாங்கிய வங்கிக் கிளை ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுதி, வீட்டில் இன்னொருவருக்குத் தெரியும் இடத்தில் வையுங்கள். கடவுச் சொல்லை மட்டும் அதில் எழுதாதீர்கள்.